அசையாமல் இருக்க இரண்டு பிராங்

இரண்டு பிராங் கொடுத்தாள்,
படகை நகர்த்தாமல் இருப்பதற்கு.
ஃபெக்கான் துறைமுகத்தில்
சும்மா இருந்ததற்குக் கூலி வாங்கிய முதல் ஆள் நான்தான்.
சுங்கக்காரர்களைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

அக்டோபர். விடிந்தும் விடியாத நேரம்.
மத்மசேல் ஓர்த்தான்ஸ் கற்கரையில் முக்காலியை விரித்தாள்.
காற்று அவள் துணிச்சட்டத்தைப்
பாய்மரப் பாய் என்று நினைத்துத் தள்ளியது.
வலையின் ஈயக்குண்டு இரண்டை அவிழ்த்து
நானே அதன் காலில் கட்டிவிட்டேன்.
அதற்குக் காசு கேட்கவில்லை.

நீர் நிறைந்திருந்த வேளை,
படகில் நின்ற என் கண்ணும் அவள் வண்ணத்தட்டும் ஒரே மட்டம்.
தகரக் குழல்களைப் பிதுக்கினாள்.
வெள்ளை மட்டும் வெண்ணெய்போல் ஏராளம்.
ஆளிவிதை எண்ணெய் வாசம், டர்பன்டைன் வாசம்,
இடையில் என் மீன்வாடை.

கறுப்பு எங்கே என்றேன்.
இல்லை என்றாள்.
மறந்துவிட்டீர்களா?
கொண்டுவருவதில்லை.

என் 'ஸெனோபி'யின் அடிவயிற்றில்
மூன்று பூச்சு தார் இருக்கிறது, அம்மணி.
கறுப்பில்லாமல் தாரை எப்படி?

கருநீலத்துக்குள் மஞ்சிட்டிச் சிவப்பை இழுத்தாள்,
நகக்கண் அளவு பச்சை சேர்த்தாள்.
போன வாரம் கயிறு இறுக்கிய என் கட்டைவிரலில்
கன்றிக் கட்டிய ரத்தம்
அப்படியே தட்டில் கிடந்தது.
அதை எடுத்துத் தார் என்று வைத்தாள்.
தார்தான்.
ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

எனக்குக் கொடுத்தாள், சரி.
கடலுக்கு யார் கொடுப்பது?
எட்டு மணிக்கு வற்றத் தொடங்கியது.
நான் அசையவில்லை, பேச்சு பேச்சுதான்;
அசையாமலே கீழே போய்க்கொண்டிருந்தேன்.
முதலில் அவள் முழங்கால் எதிரே வந்தது,
பிறகு சேறு படிந்த காலணி,
பிறகு பாசிக்கல், இரும்பு ஏணி,
ஏணியில் ஒட்டிய சிப்பிகள்.

"அங்கேயே இருக்கிறீர்களா?"
மேலேயிருந்து குரல்.
"நான் இருக்கிறேன். தண்ணீர்தான் இல்லை."

நண்பகலில் ஸெனோபி சேற்றில் சாய்ந்து படுத்தாள்.
மத்தி ஒட்டிய கையோடு ஏணியில் ஏறினேன்.
துணியில் இன்னும் ஓதம் வடியவில்லை.
நீராவிக் கப்பல் கக்கிய நிலக்கரிப் புகை
ஏதோ பூவின் நிறத்தில்.
கிட்ட நின்றால் தீட்டுத் தீட்டாய், திட்டுத் திட்டாய்.
ஆறடி பின்வைத்தேன், துறைமுகம் கூடிவந்தது.
ஏழாவது அடியில் கயிற்றுக் குற்றி தடுக்கிப்
பின்பக்கமாக விழப்பார்த்தேன்.

"நான் எங்கே?"
தூரிகைக் காம்பால் காட்டினாள்.
ஆரஞ்சும் நீலமும் சண்டையிட்டுப் பிரிந்த
ஒரே ஒரு கோடு.
முகமில்லை. மீசையில்லை.
காலையெல்லாம் அசையாமல் நின்றது இதற்கா?

அதுகூடப் போகட்டும்.
படகு ஊதாவில் இருந்தது.
ஈஸ்டருக்கு மூன்று பிராங் கொடுத்து வாங்கிய பச்சை,
மாமியார் பெயரை வைத்ததற்குச் சமாதானமாக
மனைவியே தேர்ந்தெடுத்த பச்சை!

"ஆறரை மணிக்கு ஊதாவாக இருந்தது" என்றாள்.
"எப்போதும் பச்சைதான், இதோ இந்த இடமெல்லாம்" என்று
விரலால் தொட்டுக் காட்டினேன்.

தொட்டேன்.
ஈரத் துணியில், அலையின் மேல்,
என் கட்டைவிரல்.

எடுத்தபோது ஒரு மீன்செதில் அங்கேயே தங்கிவிட்டது.

அவள் வண்ணக்கத்தியை எடுத்தாள்.
என்னைச் சுரண்டுவாள் என்றே நினைத்தேன்.
அந்நேரம் பார்த்து மேகம் விலகியது.
செதில் ஒருமுறை மின்னியது.
கத்தியைத் துணியில் துடைத்தாள்,
பெட்டியில் போட்டாள்,
பெட்டியை மூடினாள்.
இரண்டு பிராங்கையும் எண்ணி வைத்தாள்.

இரவு அதெலைட் கேட்டாள்,
இன்று எத்தனை கூடை?
ஒரு செதில் என்றேன். அதையும் விட்டுவிட்டு வந்தேன்.

படம் பாரீஸுக்குப் போயிருக்கும்.
யாரோ ஒருவர் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு எதிரே,
விளக்கேற்றும்போதெல்லாம்
அலைமேல் ஒரு பொட்டு வெளிச்சம்.
எந்த வெள்ளை இது, எப்படித் தீட்டினாள் என்று
விருந்தாளிகள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனியலாம்.
குனியட்டும்.
மோந்து பார்க்காதவரை சரி.